நாளை வாருங்கள்

நாம் அன்றாடம் கேட்கும் சொற்களிலே மிகவும் மலிந்துபோன சொல் எதுவென்று வினவினால், 'நாளை வாருங்கள்' என்பதையே முதலில் சொல்ல வேண்டும். அரசு அலுவலக மேசைகளுக்கு மட்டுமே உரிய சொல் அது என்று ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். இப்பொழுதோ கண்ணாடிச் சுவர்களும் குளிர்ந்த காற்றும் நிறைந்த பெரிய விற்பனை நிலையங்களிலும் அது குடியேறிவிட்டது. அலுவலகத்தில் அதைக் கடுகடுத்த முகத்தோடு சொன்னார்கள். இங்கே புன்னகையோடு, கையில் ஒரு கோப்பைக் காப்பியையும் கொடுத்துச் சொல்கிறார்கள். அலைச்சல் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

பழைய வணிகரெல்லாம் உத்தமர், இன்றைய வணிகரெல்லாம் வஞ்சகர் என்று கூற நாங்கள் முன்வரவில்லை. சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளில் கடை வைத்திருந்தவர்களிலும் முழக்கோலைச் சுருக்கிப் பிடித்தவர் உண்டு. எடையில் கை வைத்தவரும் உண்டு. ஆயினும் அக்கடைகளில் ஒரு வசதி இருந்தது. வாங்கிய பொருளில் குறை கண்டால், கல்லாவில் அமர்ந்திருப்பவரிடமே அதைக் கொண்டுபோய் வைக்கலாம். அவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், வாதாடவும் செய்யலாம். எதுவாயினும் விடை அவர் வாயிலிருந்தே வரும். விற்றவர் ஒருவர், விடை சொல்பவர் வேறொருவர், முடிவு செய்பவர் கண்ணுக்கே தெரியாத மூன்றாமவர் என்னும் நிலை அங்கே இல்லை.

மோட்டார் வாகனத்தைப் பொறுத்தவரையில், காத்திருத்தல் நம் நாட்டவருக்குப் புதிதன்று. 1980-களின் தொடக்கம் வரையில் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற ஒரு சில கார்களே இந்தியச் சாலைகளில் ஓடின. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. பஜாஜ் ஸ்கூட்டருக்கும் அதே நிலைதான். 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1993-இல், கார்த் தொழிலுக்கு இருந்த உரிமக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தன. சென்னையைச் சுற்றியே பெரும் தொழிற்சாலைகள் எழுந்தன. பற்றாக்குறை போயிற்று. பற்றாக்குறைக் காலத்தில் விற்பவருக்கு இருந்த மனப்பான்மை மட்டும் முற்றாகப் போகவில்லை என்பதை நாங்கள் நேரில் கண்டோம்.

ஐந்து வாரங்கள்

நாங்கள் சிதம்பரத்தில் வாழும் ஓய்வு பெற்ற தம்பதியர். எங்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவர். மற்றவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். எங்களோடு எண்பத்தொரு வயதான அம்மாவும் இருக்கிறார். மாதம் ஒருமுறை அவரைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இடுப்பு வலி முற்றியபின் பேருந்தின் படியேறுவது அவருக்கு இயலாமற் போயிற்று. ஆகவே, சேமித்து வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியும் வங்கிக் கடன் ஒரு பகுதியுமாக, ஏறக்குறைய எட்டு லட்ச ரூபாயில் ஒரு சிறிய கார் வாங்குவதெனத் தீர்மானித்தோம். ஆடம்பரத்திற்காக அன்று, அம்மா தரையிலிருந்து ஓரடி உயரத்திலேயே ஏறி அமரக்கூடிய ஓர் இருக்கைக்காக.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கடலூரில் உள்ள ஒரு விற்பனை நிலையத்தில் முன்பணம் கட்டினோம். நிலையத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. யாரையும் பழிப்பது எங்கள் நோக்கமன்று. 'மூன்று வாரத்தில் வண்டி உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சார்' என்றார் விற்பனைப் பிரதிநிதி. கணக்கு எழுதிப் பழகிய எங்கள் வீட்டுக்கை சும்மா இருக்குமா? விலை, நிறம், தரும் நாள், விலையில் அடங்கியவை யாவை என்பனவற்றையெல்லாம் கொட்டேஷன் தாளில் எழுதச் செய்து, கையொப்பமும் முத்திரையும் பெற்றுக்கொண்டே நாங்கள் எழுந்தோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது எங்கள் வீட்டில் வெறும் பழமொழி அன்று.

மூன்று வாரம் கழிந்தது. வண்டி வரவில்லை. தொலைபேசியில் அழைத்தோம். 'வண்டி கிளம்பிவிட்டது சார்' என்றார் ஒருவர். 'இன்னும் ஒதுக்கீடே ஆகவில்லை' என்றார் மறுநாள் வேறொருவர். மூன்றாமவர் எங்கள் பெயரையும் முன்பண ரசீது எண்ணையும் கேட்டுக்கொண்டு, 'இருங்கள், பார்த்துச் சொல்கிறேன்' என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் பாட்டு எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது, விடைதான் கிடைக்கவில்லை. இரண்டு முறை நேரிலும் சென்றோம். வெள்ளாற்றுப் பாலம் கடந்து, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகக் கடலூருக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். போவதும் வருவதுமாக ஒரு பகல் முழுதும் கழியும். ஒவ்வொரு முறையும் காப்பி தந்தார்கள். 'நாளை நிச்சயம்' என்றார்கள்.

இதற்கிடையில் ஜிப்மருக்குச் செல்ல வேண்டிய நாள் வந்தது. வாடகைக் கார் வைத்துச் சென்றோம். 'வண்டி வந்துடுச்சா தம்பி?' என்று அம்மா மாலைதோறும் கேட்பார். 'நாளைக்கு வந்துடும்மா' என்று நாங்களும் அதே சொல்லை அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அதுவே எங்களுக்குப் பெரிய கூச்சமாக இருந்தது. பிறர் தந்த பொய்யான நாளை, நாம் நம் வீட்டுக்குள் கொண்டுபோய் விநியோகிக்க நேர்கிறதே!

ஐந்தாவது வாரத்தின் இறுதியில் வண்டி வந்தது. கூடவே ஒரு பட்டியலும் வந்தது. நாங்கள் கேட்காத இருக்கை உறை, தரைவிரிப்பு, பளபளப்புப் பூச்சு என்று ரூபாய் 14,500 கூடுதலாக எழுதப்பட்டிருந்தது. காப்பீடும் தாங்கள் குறிப்பிடும் நிறுவனத்திலேயே எடுக்க வேண்டும் என்றார்கள். நாங்கள் கையொப்பமிட்ட பழைய தாளை மேசைமேல் விரித்து வைத்தோம். 'எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுகிறோம், இது எங்கள் நிலையத்து வழக்கம்' என்றார் பொறுப்பாளர்.

'நல்லது. இப்பொருள்களும் இந்தக் காப்பீடும் கட்டாயம் என்று உங்கள் தாளில் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள்; பணம் கட்டிவிடுகிறோம்' என்றோம்.

அவர் எழுதவில்லை. உள்ளே சென்று வந்தார். பட்டியலிலிருந்து அந்தத் தொகை மறைந்தது. காப்பீட்டை நாங்கள் விரும்பிய நிறுவனத்திலேயே எடுத்தோம். குரலை உயர்த்தவில்லை, யாருடைய பெயரையும் சொல்லி மிரட்டவுமில்லை. வாயால் எளிதில் சொல்லக்கூடிய பல செய்திகளைக் கையால் எழுத எவரும் துணிவதில்லை என்பதை அன்று கண்டோம்.

நனைந்த பாதங்கள்

இத்தோடு முடிந்தது என்று எண்ணினோம், முடியவில்லை. பத்து நாள் கழித்து, ஏ.சி. ஓடும்போதெல்லாம் முன்னிருக்கையின் இடப்பக்கம், அம்மா அமரும் இடத்தில், தரைவிரிப்பு நனையத் தொடங்கிற்று. புதுச்சேரி சென்று திரும்பிய ஒரு நாள் அம்மாவின் பாதங்கள் ஈரத்தில் ஊறி வெளுத்திருந்தன. வழியெல்லாம் அவர் அதைச் சொல்லவேயில்லை. கேட்டபோது, 'புது வண்டி, குறை சொன்னா நல்லாயிருக்காதுன்னு இருந்துட்டேன்' என்றார். இவ்வளவு செலவு செய்து நாங்கள் வாங்கியது அந்தப் பாதங்களுக்காகத்தானே!

மூன்று முறை வண்டியைக் கடலூருக்குக் கொண்டு சென்றோம். மூன்று முறையும் வண்டியைக் கழுவித் துடைத்து, 'சரி செய்தாகிவிட்டது' என்று தந்தார்கள். மூன்று முறையும் அடுத்த பயணத்திலேயே நனைந்தது. ஜாப் கார்டு என்னும் வேலைச் சீட்டை வாங்கிப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கிற்று. நாங்கள் சொன்ன குறை அதில் எழுதப்படவேயில்லை. 'பொதுச் சோதனை' என்று மட்டுமே இருந்தது. எழுதப்படாத குறையை எந்த மெக்கானிக் தேடுவார்?

மூன்றாம் முறை நாங்கள் காத்திருந்தபோது, வேறொரு வாடிக்கையாளர் அங்கிருந்த இளைஞர் ஒருவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். அவ்விளைஞருக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். பேனாவைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. ஏசியவர் போனபின் எங்கள் முறை வந்தது. குறையை அப்படியே எழுதும்படி கேட்டோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'ஐயா, ஒரே குறை திரும்பத் திரும்ப வந்ததாக எழுதினால் எங்கள் கணக்கில்தான் குறை விழும். மேலே இருக்கிறவர்கள் என்னைத்தான் கேட்பார்கள்' என்றார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பிள்ளை. தந்தை விவசாயக் கூலி என்று பேச்சுவாக்கில் தெரிந்தது.

எங்கள் சினமெல்லாம் அந்த இடத்தில் திசை மாறிற்று. நாளொன்றுக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும், குறைகள் குறைவாகத் தெரிய வேண்டும் என்று விதித்தவர் அவரல்லர். நாங்கள் பட்டது அலைச்சல். அவர் பட்டுக்கொண்டிருந்தது இரு பக்கத்து அடி. 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பார்கள். உண்மைதான், ஆனால் நாம் யாரிடம் போய் அழுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் அன்றோ?

அன்றிரவு நாங்கள் இருவரும் அமர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். முன்பணம் கட்டிய நாள், வண்டி தருவதாக எழுதித் தந்த நாள், உண்மையில் தந்த நாள், மூன்று வேலைச் சீட்டுகளின் எண்கள், ஒவ்வொரு முறையும் ஓடியிருந்த கிலோமீட்டர், நனைந்த விரிப்பின் புகைப்படங்கள் ஆகிய அனைத்தையும் வரிசையாகக் கொடுத்தோம். வசைச்சொல் ஒன்றும் இல்லை. பதினைந்து நாளுக்குள் குறையைக் களையாவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவோம் என்று கடைசியில் ஒரு வரி. விற்பனை நிலையத்தின் தலைமைக்கு ஒரு படி, காரைத் தயாரித்த நிறுவனத்திற்கு ஒரு படி எனப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

ஐந்தாம் நாள் அழைப்பு வந்தது. அனுபவம் மிக்க மெக்கானிக் ஒருவர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார். ஏ.சி.யில் ஊறும் நீரை வெளியேற்றும் சிறு ரப்பர்க் குழாய் தன் இடத்திலிருந்து நழுவி, நீரை உள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது. இருபது நிமிட வேலை. இரண்டு மாத அலைச்சலுக்கு மருந்து இருபது நிமிடம்!

மேலாளர் வருத்தம் தெரிவித்து, இலவசமாக வண்டிக்குப் பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொன்னார். 'அது வேண்டாம். குறை இன்னது, நான்காம் முறைதான் தீர்ந்தது என்று வேலைச் சீட்டில் உள்ளபடி எழுதுங்கள். அப்படி எழுதியதற்காக இந்தத் தம்பியின் கணக்கில் கை வைக்காதீர்கள்' என்றோம். மேலாளர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் அந்த இளைஞரையே அழைத்து எழுதச் சொன்னார். அவர் அதைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். அச்சீட்டை வண்டியின் ஆவணங்களோடு பத்திரமாக வைத்திருக்கிறோம்.

கேட்கப்படும் உரிமை

எங்கள் கதையை இவ்வளவு விரித்துரைத்தது, குடும்பங்களுக்கு ஒரு செய்தி பயன்படும் என்பதற்காகவே. 1962-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி தம் நாட்டுப் பேரவைக்கு அனுப்பிய செய்தியில், பொருள் வாங்குவோருக்கு நான்கு உரிமைகள் உண்டென்றார்: பாதுகாப்பு, செய்தி அறிதல், தேர்ந்தெடுத்தல், தம் குரல் கேட்கப்படுதல். இன்றும் அந்த நாளே உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதற்கு மாற்றாக 2019-இல் இயற்றப்பட்டு 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும், கேட்கப்படும் உரிமை பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளது.

இச்சட்டப்படி, கொடுத்த விலை 50 லட்ச ரூபாய்க்கு மேற்படாதிருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். விலை 5 லட்சம் வரையெனில் கட்டணமே இல்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையெனில் 200 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடலாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், நாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பது புதிய சட்டம் தந்த பெரிய வசதி. சென்னையில் வாங்கிய பொருளுக்கும் சிதம்பரத்துக் குடும்பம் கடலூர் மாவட்ட ஆணையத்தை நாடலாம். மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் ஐந்து மாதத்தில், முடிவு காண வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இதனினும் காலம் கூடுவதுண்டு. அதற்கு முன்படியாக 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே குறையைச் சொல்லலாம்.

யார்மீது முறையிடுவது என்பதையும் தெரிந்திருத்தல் நன்று. கோவாவில் 2011-இல் புதிய கார் என்று பணம் கட்டிய ஒருவருக்கு, 2009-இல் செய்யப்பட்டு 622 கிலோமீட்டர் ஓடிய காரை விற்பனையாளர் கொடுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. விற்பனையாளரின் செயலைத் தயாரிப்பாளரான டாட்டா மோட்டார்ஸ் அறிந்திருந்தது என்று மெய்ப்பிக்கப்படாதபோது, அந்நிறுவனத்தைப் பொறுப்பாக்க இயலாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. மாறாக, விபத்தின்போது காற்றுப்பைகள் விரியாத ஒரு வழக்கில், தயாரிப்பாளரான ஹூண்டாய் நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்பதை அதே நீதிமன்றம் 2022 ஏப்ரலில் உறுதி செய்தது. விற்றதில் உள்ள வஞ்சனைக்கு விற்றவர், செய்ததில் உள்ள குறைக்குச் செய்தவர் என்று பொதுவாகக் கொள்ளலாம். எங்கள் கடிதம் இருவருக்கும் போனதன் காரணம் இதுவே. வண்டியைக் கையேற்குமுன் சேஸிஸ் எண்ணையும் உற்பத்தி மாதத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிய காவல்.

ஆனால் சட்டம் கடைசிப் படி. அதற்கு முன்னே செய்யத்தக்கவை பல, அவை செலவில்லாதவை. பேசியதை எழுத்தில் பெறுக. நாளையும் பெயரையும் குறித்து வைக்க. குறையைச் சொல்லும்போது சொன்னபடி எழுதப்பட்டதா என்று படித்துப் பார்த்தபின் கையொப்பமிடுக. முன்னே நிற்கும் எளிய ஊழியரை ஏசாமல், முடிவு செய்யும் அதிகாரம் உள்ளவருக்கு எழுதுக.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மேசையின் மறுபக்கத்தில் இருப்பவர்கள் வேற்று நாட்டவர் அல்லர். நம் பிள்ளைகள் பலர் விற்பனை நிலையங்களிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கிறார்கள். நாமே பள்ளியிலும் அலுவலகத்திலும் அப்படி ஒரு மேசைக்குப் பின் அமர்ந்திருக்கிறோம். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், 'இன்று எத்தனை வண்டி விற்றாய்?' என்று கேட்கும் பெற்றோர், 'இன்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினாய்?' என்றும் கேட்கலாம். 'எனக்கு இது தெரியவில்லை. தெரிந்தவரைக் கேட்டு இன்று மாலை ஐந்து மணிக்குள் நானே கூப்பிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லவும், சொன்னபடி ஐந்து மணிக்குக் கூப்பிடவும் அவர்களைப் பழக்கலாம். வந்தவருக்கு வேண்டியது கிடைக்காமற் போனாலும் போகலாம்; ஒரு பகலாவது மிஞ்சும்.